அலையோசைக்கு நடுவே ஒரு தாய்க்குரல்

கன்னியாகுமரிக் கரையில் நின்று நேர் தெற்கே நோக்கினால், கண்ணுக்கு எட்டும் தொலைவு வரை நீர்ப்பரப்பேயன்றி வேறொன்றும் தென்படாது. கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் நெடுந்தூரம் வரை நிலம் இல்லை. அதே தீர்க்கரேகையை ஒட்டி ஏறத்தாழ 5,100 கிலோமீட்டர் சென்று, நிலநடுக்கோட்டைக் கடந்து, வெப்பக் கடல் முடிந்து குளிர்ந்த கடல் தொடங்கும் இடத்தை நெருங்கும்போது ஆம்ஸ்டர்டாம் தீவு எதிர்ப்படுகிறது. எரிமலையால் உருவான இத்தீவின் பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பிரான்சு நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட இங்கு நிலையான குடிமக்கள் இல்லை. ஆய்வு நிலையத்தின் பணியாளர்கள் முறைவைத்து வந்து தங்கிச் செல்கின்றனர். ஆனால் தீவின் பாறைக் கரைகளுக்குப் பழைய குடிகள் உண்டு. அவை பல்லாயிரக்கணக்கான கடல்நாய்கள்.

வங்கியிலிருந்து வரும் இதழில் ‘சீல்’ என்னும் சொல்லைக் கண்டால் வாசகர் பலருக்கு அலுவலக முத்திரையே முதலில் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசவிருப்பது ஆங்கிலத்தில் அப்பெயராலும் தமிழில் கடல்நாய் என்னும் பெயராலும் வழங்கும் பாலூட்டியைப் பற்றி. நம் நாட்டுக் கடற்கரைகளில் கடல்நாய்கள் வாழ்வதில்லை. ஆம்ஸ்டர்டாம் தீவில் வாழ்பவை உரோமக் கடல்நாய்கள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. அடர்ந்த மென்மயிர்ப் போர்வையே இவற்றைக் குளிரிலிருந்து காக்கிறது. அதுவே இவற்றுக்குப் பகையாகவும் அமைந்தது. 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் தோல் வணிகத்துக்காகக் கப்பல்களில் வந்தவர்கள் இத்தீவின் கடல்நாய்களை ஏறக்குறைய முற்றிலும் கொன்றழித்தனர். வேட்டை நின்ற பிறகு, எஞ்சியிருந்த சிலவற்றிலிருந்து இக்கூட்டம் மீண்டும் பெருகியது 20 ஆம் நூற்றாண்டில்தான்.

இங்கே ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தை ஒட்டிக் குட்டிகள் பிறக்கின்றன. ஒரு தாய்க்கு ஒரு குட்டி. பிறக்கும்போது அதன் எடை 4 முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும், கருநிற மயிர், பக்கத்துக் குட்டிக்கும் அதே நிறம், அதே உருவம். தாய் சில நாட்கள் அருகிலேயே இருந்து பாலூட்டும். பின்னர் அதற்குப் பசிக்கும். தாய்க்கு உணவு கரையில் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், இரவில் மேல்நோக்கி வரும் சிறு ஒளிர்மீன்களைத் தேடி அது கடலுக்குள் செல்ல வேண்டும். கோடைக்காலத்தில் இப்பயணம் சராசரியாகப் பதினொரு நாட்கள் நீடிக்கும். குளிர்காலத்திலோ மூன்று வாரங்களையும் கடந்துவிடும். அத்தனை நாட்களும் குட்டி ஒன்றும் உண்ணாமல் கரையில் காத்துக் கிடக்கும். பிறகு தாய் திரும்பி வந்து சில நாட்கள் பாலூட்டிவிட்டு மீண்டும் கடலுக்குச் செல்லும். இவ்வாறு ஏறத்தாழ பத்து மாதங்கள்.

தாய் கரையேறும் காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஒரே நிறமும் ஒரே உருவமும் கொண்ட நூற்றுக்கணக்கான குட்டிகள் பாறைகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. விட்டுச்சென்ற குட்டி விட்ட இடத்திலேயே இருப்பதும் இல்லை. அலைகள் பாறையில் மோதும் ஓசை ஓயாது, காற்றும் ஓயாது, மற்றத் தாய்களும் குட்டிகளும் ஆண் கடல்நாய்களும் ஒருசேரக் குரலெழுப்புகின்றன. சில வேளைகளில் தாய் வந்து சேர்வது இருளில். தன் குட்டியைத் தவிர வேறொரு குட்டிக்கு அது பால் தராது. தவறி நெருங்கும் அயல் குட்டியைக் கடித்து விரட்டும். ஆகவே தாயும் குட்டியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் அக்குட்டிக்கு வேறு புகலிடம் இல்லை. பட்டினியால் இறக்க நேரும். இருந்தும், பெரும்பாலான சமயங்களில் தாயும் குட்டியும் சில நிமிடங்களுக்குள் சேர்ந்துவிடுகின்றன. தாய் கரையேறியதும் குரல் கொடுக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரே ஒரு குட்டி மறுகுரல் கொடுத்தபடி அதை நோக்கி விரைகிறது.

பல பசுக்களுக்கு நடுவே விடப்பட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடி அடைந்துவிடும் என்பதை நம் முன்னோர் கவனித்திருந்தனர். நாலடியார் அதனைப் பழவினைக்கு உவமையாகவே ஆண்டிருக்கிறது. மாலையில் மேய்ச்சலிலிருந்து ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கும் இது புதுமையன்று. ஆயினும் ஆட்டுக்குட்டியின் பிரிவு ஒரு பகற்பொழுது மட்டுமே. கடல்நாய்க் குட்டியின் பிரிவு வாரக்கணக்கில் நீள்கிறது. அதுவும், பிறந்து சில நாட்களே ஆன நிலையில் தொடங்குகிறது.

அந்தச் சில நாட்களில் என்ன நிகழ்கிறது என்பதையே இசபெல் ஷாரியே, நிக்கோலா மத்வோன், பியேர் ஷூவாந்தன் என்னும் பிரெஞ்சு அறிஞர் மூவர் ஆம்ஸ்டர்டாம் தீவில் ஆராய்ந்தனர். அவர்களது ஆய்வு 2001 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளிவந்தது. அவர்கள் கையாண்ட முறை எளியது. தாயின் குரலை ஒலிப்பதிவு செய்துகொண்டனர். பின்னர் குட்டிக்கு அருகே ஒலிபெருக்கியை வைத்து, அதன் தாயின் குரலையும் அயல் தாய்களின் குரலையும் தனித்தனியே ஒலிக்கச் செய்தனர். தாயின் குரலை அறிந்துகொண்ட குட்டி தலையை உயர்த்தும், மறுகுரல் எழுப்பும், ஒலிபெருக்கியை நோக்கி நகரும். அயல் குரலுக்கோ அசையாது கிடக்கும். இச்சோதனையைப் பிறந்த நாள் முதல் தொடர்ந்து நடத்தியபோது, பிறந்த இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் குட்டிகள் தாயின் குரலைக் கற்றுக்கொள்வது தெரியவந்தது. ஒரு குட்டி விரைவில் கற்கிறது. மற்றொன்று சற்றுத் தாமதிக்கிறது.

இவ்வாய்வின் சிறப்பான முடிவு அடுத்ததுதான். தாய் எப்போது முதன்முறையாகக் கடலுக்குப் புறப்படுகிறது என்பதையும் அவர்கள் குறித்துவந்தனர். குட்டி தன் குரலைக் கற்றுக்கொள்ளும் வரையில் தாய் கரையை விட்டு நீங்குவதில்லை. விரைவில் கற்ற குட்டியின் தாய் விரைவில் புறப்பட்டது. தாமதித்த குட்டியின் தாயும் தாமதித்தே புறப்பட்டது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்துகொண்டிருக்க, பசியோடு காத்திருப்பது தாய்க்கு எளிதன்று. ஆயினும் ஒரு நாள் முந்திப் புறப்பட்டால், திரும்பி வந்து எழுப்பும் குரலுக்கு விடை கிடைக்காமல் போகலாம்.

பிறந்த கணத்திலிருந்தே தாயும் குட்டியும் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கடல்நாய்க் கூட்டங்களைப் பார்த்தவர்கள் விவரித்துள்ளனர். பிரசவம் முடிந்த தாய் உடனே திரும்பிக் குட்டியை முகர்ந்து குரலெழுப்பும், குட்டி விடையளிக்கும். வெளியார்க்கு இது வெறும் கூச்சலாகத் தோன்றினும், கற்றலும் கற்பித்தலும் இங்கேதான் நடக்கின்றன.

குரலில் உள்ள கையொப்பம்

எந்த அடையாளத்தைக் கொண்டு ஒரு குரலை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகின்றன? குரலில் பல கூறுகள் உள்ளன. சுருதி எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பது ஒன்று. நம் இசையில் ஒரே சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை நினைத்துக்கொள்ளலாம். நாகசுரமும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை இசைத்தாலும் செவிக்கு வேறு வேறாகத் தோன்றச் செய்யும் தொனிப்பண்பு மற்றொன்று. குரல் எங்கே உரத்து எங்கே மெலிகிறது என்பது மூன்றாவது. ஆய்வாளர்கள் பதிவுசெய்த குரல்களைக் கணினியின் துணையால் மாற்றினர். சிலவற்றில் சுருதிப்போக்கைக் குலைத்தனர். சிலவற்றில் தொனிப்பண்பை மாற்றினர். சிலவற்றில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்தனர். பின்னர் அவற்றை ஒலிக்கச் செய்து, எந்த மாற்றத்தால் அடையாளம் அழிகிறது என்று பார்த்தனர்.

சுருதிப்போக்கும் தொனிப்பண்புமே அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றன என்பது தெளிவாயிற்று. குட்டியின் குரலைத் தேடும் தாய், அக்குரலின் தொடக்கப் பகுதிக்கு, அதாவது சுருதி மேலேறும் அந்தச் சிறு பகுதிக்குத் தனிக் கவனம் செலுத்துகிறது. உரத்தல், மெலிதல் ஆகிய ஏற்றத்தாழ்வுகளுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. இதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. திறந்த கரையில் காற்று ஒரு கணம் குரலை விழுங்கிவிடுகிறது, மறுகணம் சுமந்து வருகிறது. பாறையும் உடல்களும் அதைத் தடுக்கின்றன. ஆகவே குரலின் உரப்பு கேட்பவரிடம் வந்து சேர்வதற்குள் உருமாறிவிடும். சுருதியின் ஏற்ற இறக்கமோ அவ்வளவு எளிதில் அழிவதில்லை. மேலும், குரல் இடைவிடாமல் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது; ஒன்று அலையோசையில் மூழ்கினாலும் அடுத்தது செவியை எட்டும்.

குரலோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. குட்டி அருகே வந்தவுடன் தாய் அதன் முகத்தோடு மூக்கை வைத்து முகர்கிறது. பால் தருவதும் விரட்டுவதும் அதற்குப் பிறகே. ஆஸ்திரேலியக் கடற்சிங்கங்களிடம் நடத்திய சோதனைகளில், மணத்தை மட்டும் கொண்டே தாய் தன் குட்டியை அயல் குட்டியிலிருந்து பிரித்தறிவது உறுதிப்பட்டது. கடவுச்சொல்லை இட்ட பிறகும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கேட்கும் நம் வங்கிச் செயலியை வாசகர்கள் இங்கே நினைத்தால் அதில் பிழையில்லை. தொலைவில் பயன்படுவது குரல். கைக்கெட்டும் தொலைவில் பயன்படுவது மணம். எங்கே தேடுவது என்பதற்குக் கடைசியாகப் பாலூட்டிய இடம் தாய்க்கு ஒரு தொடக்கக் குறிப்பாக உதவுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குட்டி வளர்கிறது. தொண்டையும் மூச்சும் வளர, குரலும் மாறுகிறது. மூன்று வாரங்கள் கழித்துத் திரும்பும் தாய் கேட்பது, தான் விட்டுச்சென்ற அதே குரலை அன்று. வங்கியில் மாதிரிக் கையொப்பம் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆன வாடிக்கையாளர்கள் இச்சிக்கலை நன்கு அறிவார்கள். தாய் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிய குரலைக் கற்றுக்கொள்கிறது என்பது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் அதே ஆய்வுக் குழு, குட்டியின் பழைய பருவக் குரல்களைப் பின்னொரு நாளில் ஒலிக்கச் செய்தபோது, தாய்கள் அவற்றுக்கும் விடையளித்தன. புதியதை ஏற்றபோது பழையதை அவை அழித்துவிடவில்லை. பயன்படாத பழைய குரல்களை ஏன் சுமக்க வேண்டும்? இது நீண்டகால நினைவுக்கென்றே அமைந்த திறனா, அல்லது கூர்மையான கற்றலின் துணை விளைவா என்ற கேள்வியை அவ்வாய்வாளர்களே தம் கட்டுரைத் தலைப்பில் எழுப்பியுள்ளனர். இரண்டாவதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. பாலூட்டும் காலம் முடிந்த பின் பச்சிளங்குரலுக்கு எந்த வேலையும் இல்லை.

நினைவின் நீளத்தைப் பொறுத்தவரை வடபகுதியிலிருந்து ஒரு சான்று கிடைத்துள்ளது. பெரிங் கடலில் பிரிபிலோஃப் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த செயின்ட் பால் தீவில் வடபுல உரோமக் கடல்நாய்கள் கூடுகின்றன. இவை நான்கு மாதங்கள் மட்டுமே பாலூட்டும்; பின்னர்த் தாயும் குட்டியும் தனித்தனியே பெருங்கடலுக்குச் சென்றுவிடும். அங்கே ஸ்டீபன் இன்ஸ்லி நடத்திய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாலூட்டும் காலத்தில் பதிவுசெய்த குரலைத் தாயும் சேயும் குறைந்தது நான்கு ஆண்டுகள் வரை நினைவில் கொண்டிருந்தன என்பதை அது காட்டியது.

சேமிப்பும் வருவாயும்

எல்லாக் கடல்நாய்களும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. உரோமக் கடல்நாய்களும் கடற்சிங்கங்களும் வெளிச்செவி உடையவை. வெளிச்செவி இல்லாத மற்றொரு குடும்பமும் உண்டு. இவ்விரு குடும்பங்களின் வாழ்க்கை முறையை விளக்க உயிரியலாளர்கள் நிதித்துறையிலிருந்தே சொற்களைக் கடன் வாங்கியுள்ளனர். முதலாவது குடும்பத்துத் தாய்கள் ‘வருவாயில்’ குட்டி வளர்ப்பவை. அவ்வப்போது கடலுக்குச் சென்று சம்பாதித்து வந்து பாலாகக் கொடுப்பவை. இரண்டாவது குடும்பத்தில் பல இனங்கள் ‘மூலதனத்தில்’ வளர்ப்பவை; முன்கூட்டியே உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு, தாம் உண்ணாமலேயே பாலூட்டி முடிப்பவை.

மூலதன முறையின் எல்லைக்கோட்டில் நிற்பது வட அட்லாண்டிக் பனிப்பரப்பில் ஈனும் முக்காட்டுக் கடல்நாய். இது பாலூட்டுவது நான்கே நாட்கள்; பாலூட்டிகள் அனைத்திலும் மிகக் குறுகிய காலம் இதுவே. பாலில் 60 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு இருக்கும். நான்கு நாட்களில் குட்டியின் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அதுவரை தாய் அதன் பக்கத்தை விட்டு அகல்வதில்லை. பிரிவே இல்லாதபோது குரலைக் கொண்டு தேட வேண்டிய தேவையும் பெரிதாக எழாது. ஹவாய்த் தீவுகளின் துறவிக் கடல்நாய்களிடம் நடத்திய ஆய்வும் இக்கருத்துக்கு ஒத்திருக்கிறது. அங்கே தாய்கள் தம் குட்டியின் குரலைத் தனித்தறியவில்லை. ஒன்றின் குட்டியை மற்றொன்று வளர்ப்பதும் அடிக்கடி நிகழ்கிறது.

இவ்வளவில் நின்றிருந்தால் விதி அழகாக இருந்திருக்கும். சாம்பல்நிறக் கடல்நாய் அதைக் குலைக்கிறது. ஸ்காட்லாந்தின் மே தீவில் இவ்வினத்துத் தாய்கள் குட்டியின் குரலைப் பொருட்படுத்தவில்லை. அயல் குட்டிகள் பால் குடிப்பதும் அங்கே உண்டு. குட்டிகளின் குரல்களோ தனித்தனியே வேறுபட்டவைதாம். கையொப்பம் இருக்கிறது, அதைச் சரிபார்ப்பவர் இல்லை. அதே இனம் கனடாவின் சேபிள் தீவில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது: அங்கே தாய்கள் குட்டியின் குரலை அறிந்து விடையளிக்கின்றன. ஓர் இனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் இத்தகைய வேறுபாடு இருப்பதால், இத்திறன் இனத்துக்கு ஒன்றென எழுதிவைக்கப்பட்ட விதியன்று என்பது தெரிகிறது.

வடபுல யானைக் கடல்நாயும் அப்படித்தான். கலிபோர்னியா கரையில் ஈனும் இது, பாலூட்டும் காலம் முழுவதும் உண்ணாமல் குட்டியுடனேயே இருக்கிறது. பிரிவு குறைவு, ஆயினும் குட்டி பிறந்து ஓரிரு நாட்களுக்குள்ளாகவே தாய் அதன் குரலை அறிந்துகொள்கிறது என்று 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. காரணம் பாலின் விலை என்று கொள்ளலாம். பாலூட்டி முடிப்பதற்குள் தாய் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. அத்தகைய மூலதனம் அயல் குட்டியிடம் போய்விடுமானால் அதை ஈடுசெய்யும் வழி அந்த ஆண்டில் இல்லை. நெருக்கமான கூட்டத்தில் பசித்த அயல் குட்டிகள் எந்நேரமும் அருகே இருக்கும். ஆகவே பிரிவு ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. கூட்டத்தின் நெருக்கமும், தவறினால் ஏற்படும் இழப்பும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டியவை.

நெருக்கத்தைப் பற்றிப் பேசினால் நமீபியாவைச் சொல்லாமல் விட முடியாது. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் கேப் உரோமக் கடல்நாய்கள் கூடும் இடங்களில், ஈனும் பருவத்தில் இலட்சக்கணக்கானவை திரள்வதுண்டு. பாலூட்டி இனங்களில் இத்துணைப் பெருந்திரளாகக் கூடுபவை மிகச் சிலவே. தாய்கள் சில நாட்களிலேயே கடலுக்குப் புறப்பட்டுவிடும். 2022 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், ஆம்ஸ்டர்டாம் தீவில் பணியாற்றிய இசபெல் ஷாரியேயும் பங்கேற்றிருந்தார். அங்கே தாயும் குட்டியும் ஒன்றன் குரலை மற்றொன்று அறிந்துகொள்வது நாட்கணக்கில் அன்று; பிறந்த சில மணி நேரங்களுக்குள். ஆம்ஸ்டர்டாம் தீவின் குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து நாட்கள் வரை அவகாசம் இருக்கிறது. நமீபியக் கரையில் பிறக்கும் குட்டியோ மயிர் உலர்வதற்குள் தன்னைச் சுற்றி எழும் ஆயிரம் குரல்களுக்கிடையே ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு மட்டும் தலையை உயர்த்துகிறது.